நகரும் தாய்க்கப்பலிலிருந்து ட்ரோன் ஏவுவதும் திரும்பப் பிடிப்பதும் (ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ், ஸ்கிரிப்ட் இல்லாமல்)

நிக்கல்_கோபால்ட்:

வணக்கம். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சர்வரில் ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் விளையாடுகிறோம். ஸ்கிரிப்ட் (பிளாக்குகளை ஓட்ட நாமே எழுதும் நிரல்) அணைத்து வைத்திருக்கிறார்கள், மாட் (வெளியிலிருந்து சேர்க்கும் மாற்றங்கள்) எதுவும் கிடையாது, வேக எல்லை வழக்கமான 100 மீ/வி.

ஒரு தாய்க்கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய கிரிட், அதாவது ஒரு பிளாக் 2.5 மீட்டர். 44 பிளாக் நீளம், அதாவது 110 மீட்டர். அகலம் 15 பிளாக். நடு வயிற்றில் ஹேங்கர், அதில் ஆறு ட்ரோன்கள். ட்ரோன் சின்ன கிரிட் (ஒரு பிளாக் அரை மீட்டர்): 9 பிளாக் அகலம், 13 நீளம், 5 உயரம். அயான் த்ரஸ்டர்கள், இரண்டு பேட்டரி, மூக்கில் இரண்டு கேட்லிங் துப்பாக்கி. அடிப்பக்கம் கனெக்டர் (காந்தத்தால் இழுத்துப் பூட்டும் இணைப்பு பிளாக்), ஹேங்கர் தரையில் அதற்கு ஜோடி.

கப்பல் நிற்கும்போது ஏவினால் அழகாகப் போகிறது. 40 மீ/வி-இல் போகும்போது கனெக்டரைத் திறந்தால் ட்ரோன் பின்சுவரில் போய் மோதுகிறது. அதைவிடப் பெரிய தலைவலி திரும்புவது. ரிமோட் கன்ட்ரோலில் ஜிபிஎஸ் புள்ளி வைத்தால், சண்டை முடிவதற்குள் கப்பல் வேறு இடத்தில் இருக்கிறது, ட்ரோன் பழைய இடத்துக்குச் சமர்த்தாகப் போய் நிற்கிறது. கையால் ஒவ்வொன்றாக ஹேங்கருக்குள் கொண்டுவந்தால் சண்டையைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.

பிஸ்டன் வைத்து வெளியே தள்ளலாமா, ரிவால்வர் உருளை மாதிரி ரோட்டரில் சுழற்றி ஒவ்வொன்றாக விடலாமா என்று யோசிக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெல்டர்_வேலு:

பிஸ்டனா? கிளாங் சாமி (அசையும் பாகங்களை வெடிக்கவைக்கும் இயற்பியல் கோளாறுக்கு நாங்கள் வைத்த கிண்டல் பெயர்) உங்கள் முகவரியைக் குறித்துக்கொண்டார் நண்பா.

கிண்டலை விட்டுவிட்டுச் சொன்னால், பிஸ்டனின் உச்ச வேகமே நொடிக்கு 5 மீட்டர்தான். ட்ரோனின் சொந்த த்ரஸ்டர் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். ரோட்டர் உருளையில் ஆறு ட்ரோனைத் தொங்கவிட்டு 40 மீ/வி-இல் திரும்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் இருந்திருந்தால் சாம் என்ற ஆட்டோபைலட் ஸ்கிரிப்டைப் போடுங்கள், கனெக்டர் பெயரில் அடையாளம் சேர்த்தால் அதுவே வந்து கட்டிக்கொள்ளும் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். உங்கள் சர்வர் நிர்வாகியிடம் கெஞ்சிப் பாருங்கள்.

லேத்_பட்டறை:

தம்பி, கேள்வியை நீங்கள் ஏவுவதில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் தலைகீழாக ஆரம்பிப்பேன். எப்படித் திரும்பப் பிடிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற மாதிரி கப்பலின் வயிற்றை வெட்டுங்கள். பிடிக்கிற வழி சரியாக அமைந்தால் ஏவுகிற வழி தானாக வந்துவிடும். எதிர்ப்பக்கமாக இது நடப்பதில்லை.

முதல் வேலை, ஹேங்கரைத் தூக்கிக் கடாசுங்கள். காற்று அடைத்த அறை மனிதனுக்குத்தான் தேவை, ட்ரோனுக்கு எதற்கு? கதவு திறக்கும் நேரம், கூரை, பின்சுவர் எல்லாம் சும்மா இடிப்பதற்கான பரப்பு. ட்ரோன்களைக் கப்பலின் அடியில், வெளியே, தொங்கவிடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1930-களில் அமெரிக்கக் கடற்படையிடம் ஆக்ரன், மேக்கன் என்று இரண்டு ராட்சத வான்கப்பல்கள் இருந்தன. ஹீலியம் நிரப்பியவை. அவற்றின் வயிற்றில் ஸ்பாரோஹாக் என்ற குட்டி இரட்டை இறக்கை விமானங்களை வைத்திருந்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு ஊஞ்சல் சட்டம் கீழே இறங்கும். விமானத்தின் மேல் இறக்கைக்கு மேலே ஒரு கொக்கி. விமானி கீழிருந்து வந்து, கப்பலின் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சமமாக்கி, மெதுவாக மேலேறிக் கொக்கியை மாட்டிக்கொள்வார். இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போவதால் ஒன்றுக்கொன்று வேகம் கிட்டத்தட்ட சைபர். மேக்கனில் இன்னும் ஒரு படி மேலே போய், கடலுக்கு மேல் வேவு பார்க்கப் போகும் விமானங்களின் சக்கரங்களையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி மாட்டினார்கள். தரையில் இறங்கவே போவதில்லை, சக்கரம் எதற்கு? இரண்டு கப்பல்களும் புயலில் போய்விட்டன, ஆக்ரன் 1933-இல், மேக்கன் 1935-இல். ஆனால் ஊஞ்சல் கடைசி வரை ஒழுங்காக வேலை செய்தது. உங்கள் ட்ரோனில் லேண்டிங் கியர் இருந்தால் நீங்களும் கழற்றிவிட்டு அங்கே இன்னொரு பேட்டரி வையுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். கனெக்டரை ட்ரோனின் முதுகுக்கு மாற்றுங்கள். கப்பலின் அடியில் ஒரு கன்வேயர் குழாய், அதன் நுனியில் கீழ்நோக்கிய கனெக்டர். பெரிய கிரிட்டில் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் என்பதால் ட்ரோனின் முதுகுக்கும் கப்பலின் அடித்தகட்டுக்கும் 5 மீட்டர் இடைவெளி கிடைக்கும். மேல்நோக்கி நெருப்பு விடும் த்ரஸ்டர் தகட்டைச் சுடாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். அயானின் கொழுந்து குட்டை, பரவாயில்லை. பின்னால் ஹைட்ரஜனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு பிளாக் இறக்குங்கள், அது நீளமாக எரியும்.

ட்ரோன் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் வழிகாட்டிச் சுவர் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் இரட்டைப்படையில் கட்டிவிட்டு முழிக்கிறார்கள். இரண்டு பிளாக் அகலக் காடி போட்டால் பெரிய கனெக்டரை நட்டநடுவில் வைக்க முடியாது, ஒரு பிளாக்கின் ஓரத்தில்தான் நடுக்கோடு விழும். அதனால் காடி மூன்று பிளாக், 7.5 மீட்டர். உங்கள் ட்ரோன் 9 சின்ன பிளாக், 4.5 மீட்டர்தான், பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் ஆடும். ட்ரோனை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிளாக் அகலப்படுத்தி 13 ஆக்குங்கள். 6.5 மீட்டர். பக்கத்துக்கு அரை மீட்டர் கிளியரன்ஸ். என் பட்டறையில் அரை மில்லிமீட்டர் விட்டாலே திட்டு விழும், ஆனால் இந்த விளையாட்டில் அரை மீட்டர் சரியான அளவு. மீதியைக் கனெக்டரின் காந்தம் பார்த்துக்கொள்ளும். காடியின் பின்வாயை மட்டும் விரித்து வையுங்கள், புனல் மாதிரி. கனெக்டர் எந்தச் சுழல்கோணத்தில் வந்தாலும் பூட்டிவிடும் என்பது ஒரு தொல்லை, ட்ரோன் கோணலாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுப்பதும் இந்தச் சுவர்கள்தான்.

மூன்று காடிக்கு 9 பிளாக், இடையிலும் ஓரத்திலும் நான்கு சுவர், மொத்தம் 13. உங்கள் 15 பிளாக் அகலத்துக்குள் அடங்கிவிடும். மூன்று முன்வரிசை, மூன்று பின்வரிசை. வரிசைகளுக்கு நடுவில் குறைந்தது இரண்டு பிளாக் இடைவெளி விடுங்கள், காரணம் இதோ வருகிறது.

காடியின் வாய் கப்பலின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஏன் பின்பக்கம்? நீங்கள் சொன்ன மோதலை நினைத்துப் பாருங்கள். ட்ரோன் பிரிந்த நொடியில் அதன் டேம்ப்பனர் (த்ரஸ்டர்களால் தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு) உயிர் பெறுகிறது. அதற்குத் தாய்க்கப்பல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உலகத்தைப் பொறுத்துத் தன் வேகத்தைச் சைபராக்கப் பார்க்கிறது. 40-இல் போகும் கப்பலின் கண்ணுக்கு அது பின்னோக்கிப் பாய்வதாகத் தெரியும். அந்தப் பாய்ச்சலோடு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? வழியைத் திறந்துவிட்டால் அதுதான் உங்கள் ஏவுதளம். பைசா செலவில்லை. பின்வரிசையை முதலில் விடுங்கள், அப்புறம் முன்வரிசை. பிடிக்கும்போது முன்வரிசை முதலில். பிரேக் பிடிக்கும் த்ரஸ்டரின் நெருப்பு முன்னோக்கி வரும், பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரனின் வாலைச் சுடக்கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டு பிளாக்.

ஒரே ஒரு நிபந்தனை. ஏவும்போது கப்பலின் பின் இன்ஜின்கள் எரியக்கூடாது. பெரிய கிரிட் த்ரஸ்டரின் கொழுந்துக்குள் ட்ரோன் மிதந்து போனால் திரும்ப வருவது கழிவு இரும்பு. வெற்றிடத்தில் இன்ஜின் இல்லாமலேயே வேகம் குறையாது, ஆகவே முடுக்கத்தை விட்டுவிட்டு மிதந்தபடி ஏவுங்கள்.

கப்பல் நிற்கும்போது ஏவ வேண்டுமானால் இந்தத் தந்திரம் பலிக்காது. ட்ரோனைக் கீழே தள்ளும் ஒரு சின்ன த்ரஸ்டரைத் தனியாக ஒதுக்கி, ஓவர்ரைடை (த்ரஸ்டர் தொடர்ந்து தள்ள வேண்டிய விசை அளவு) முழுதாக வைத்து, அணைத்தே வைத்திருங்கள். டைமர் அதை ஒரு நொடி எரித்து அணைக்கட்டும். அதை மற்ற த்ரஸ்டர் குழுவில் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது மின்சாரம், பொத்தான் சமாசாரம். 2023-இல் ஆட்டோமேட்டன்ஸ் அப்டேட்டில் ஈவென்ட் கன்ட்ரோலர் (ஒரு நிலை மாறினால் வேறு பிளாக்கைத் தட்டிவிடும் பிளாக்) வந்ததிலிருந்து இது எளிது. கப்பலின் கருவிப்பட்டையில் ட்ரோனின் டைமரை வைக்காதீர்கள். ட்ரோன் செத்துப் புதியதை அச்சடித்தால் அந்தப் பொத்தானும் செத்துவிடும், ஆறுக்கும் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ப்ளூபிரிண்டிலிருந்து வந்த ஆறு ட்ரோன்களில் எல்லாப் பெயரும் ஒன்றுபோல இருந்து குழப்புவது வேறு. கப்பல் தன் சொந்தக் கனெக்டரை மட்டும் அணைக்கட்டும். ட்ரோனில் ஒரு ஈவென்ட் கன்ட்ரோலர் வைத்து, தன் கனெக்டர் இணைந்திருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கட்டும். இணைந்தால் முதல் கட்டத்தில் உள்ள 'கட்டு' டைமர்: த்ரஸ்டர் அணை, ஏஐ பிளாக்குகள் அணை, பேட்டரியை ரீசார்ஜில் போடு. பிரிந்தால் இரண்டாம் கட்டத்தில் உள்ள 'பறக்கவிடு' டைமர்: பேட்டரி ஆட்டோ, த்ரஸ்டர் எரி, மூன்று நொடி கழித்து ஏஐ ஃப்ளைட்டும் (பறக்கவைக்கும் பிளாக்) அஃபென்சிவும் (எதிரியைத் தாக்கவைக்கும் பிளாக்) எழும்பட்டும். கப்பல் பக்கக் கனெக்டர் அணைந்தே இருப்பதால் காந்தம் திரும்ப இழுக்கும் தொல்லையும் இல்லை.

ஒரு பொறி இருக்கிறது. ரீசார்ஜில் உள்ள பேட்டரி வெளியே மின்சாரம் தராது. இரண்டு பேட்டரியையும் ரீசார்ஜில் போட்டுவிட்டுப் பிரித்தால், ஈவென்ட் கன்ட்ரோலருக்கே மின்சாரம் இருக்காது. ட்ரோன் பிணம்போல மிதக்கும். ஒரு பேட்டரி எப்போதும் ஆட்டோவில் இருக்கட்டும்.

திரும்புவதற்கு ஜிபிஎஸ்ஸை மறந்துவிடுங்கள். கப்பலில் ஒரு பீக்கன் வைத்து, ட்ரோனின் ஏஐ பேசிக் பிளாக்கில் 'ஃபாலோ ஹோம்' என்று அந்த பீக்கனைக் காட்டுங்கள். பீக்கன் கப்பலோடு நகரும், ட்ரோனும் அதன் பின்னாலேயே வரும். ஆனால் ஏஐ உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். கடைசி ஐம்பது மீட்டரை, ஸ்கிரிப்ட் இல்லாமல், நகரும் கப்பலில் தானாகக் கட்டவைக்க ஒழுங்கான வழி எனக்குத் தெரிந்து கிடையாது. கப்பலை நிறுத்துங்கள், ரிமோட்டில் ஒவ்வொன்றாக எடுங்கள். பின்னாலிருந்து காடிக்குள் நுழை, கனெக்டருக்கு நேர்கீழே வந்ததும் மேலே ஏறு. இரண்டே அசைவு. சுவர்கள் மீதியைச் செய்யும். ஹேங்கரில் நீங்கள் பட்ட பாடு இருக்காது.

இன்னொன்று, கப்பல் 100-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரோன்களைக் கூப்பிடாதீர்கள். அதுகளுக்கும் எல்லை அதே 100தான். எவ்வளவு த்ரஸ்டர் மாட்டினாலும் ஒரு மீட்டர்கூட நெருங்காது.

விண்மீன்_தேனீ:

லேத் அண்ணன் சொன்னதில் கடைசி ஐம்பது மீட்டர் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் நினைவிருக்கிறதா? 2024 டிசம்பர் 30-இல் பிஎஸ்எல்வி சி60-இல் போன இரண்டு செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ, 2025 ஜனவரி 16-இல் இணைந்தன. துரத்தும் செயற்கைக்கோள் நேராக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. 5 கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று நிற்கும் புள்ளிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, எல்லாம் சரியா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

ரிமோட்டில் ஓட்டும்போது இதே பழக்கம் உதவும். 50 மீட்டரில் முழுதாக நில்லுங்கள், மூக்கை நேராக்குங்கள். 15-இல் மறுபடி நில்லுங்கள். கனெக்டருக்கு நேர்கீழே 3 மீட்டரில் இன்னொரு முறை. டேம்ப்பனர் இருப்பதால் விசையை விட்டாலே நின்றுவிடும், இது பெரிய வேலை இல்லை. ட்ரோனின் முதுகில் கனெக்டருக்குப் பக்கத்தில் ஒரு கேமரா, கப்பல் கனெக்டரின் இரண்டு பக்கமும் வேறுவேறு நிறத்தில் விளக்கு. எது இடது எது வலது என்று தலைகீழ்க் கேமராவில் குழம்பாமல் இருக்க நிறம் முக்கியம்.

ட்ரோனின் ஆன்டெனாவையும் பாருங்கள். சின்ன கிரிட் ஆன்டெனா 5 கிலோமீட்டர்தான் எட்டும். கப்பலில் 50 கிலோமீட்டர் இருந்தாலும் ட்ரோனின் பதில் வந்து சேர வேண்டுமே. அதைத் தாண்டினால் ரிமோட் பட்டியலில் ட்ரோன் காணாமல் போய்விடும்.

குட்டி_கிளாங்:

எல்லோரும் இவ்வளவு ஒழுக்கமாகப் பேசுகிறீர்கள், ஒருவர்கூட ஈர்ப்புக் குழாயைச் சொல்லவில்லையே!

கப்பலின் முன்பக்கம் 50 மீட்டர் நீளக் குழாய். சுற்றிலும் கிராவிட்டி ஜெனரேட்டர்கள், எல்லாம் முன்னோக்கி இழுக்க. ட்ரோனில் ஆர்டிஃபிஷியல் மாஸ் பிளாக் (அந்தச் செயற்கை ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கும் எடை). அதன் செயற்கை எடை ட்ரோனின் எடைக்குச் சமமாக இருந்தால், ஒரு ஜி-யில் குழாய் வாயில் 31 மீ/வி. நான்கு ஜெனரேட்டர் அடுக்கினால் 62 மீ/வி. ட்ரோனின் த்ரஸ்டர் ஒரு நொடிகூட எரியத் தேவையில்லை. வெளியே வந்ததும் மாஸ் பிளாக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கப்பலைச் சுற்றி வரும்போது இழுபடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

லேத்_பட்டறை:

அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உச்சமே 100 இருக்கும் உலகத்தில் 62-ஐ இலவசமாகக் கொடுத்து என்ன லாபம்? நல்ல ட்ரோன் அதைச் சில நொடிகளில் தானே எட்டிவிடும். அதற்காகக் கப்பலின் மூக்கை முழுக்கக் குழாய்க்குக் கொடுக்க வேண்டும், போதாததற்கு ட்ரோன் காலம் முழுக்க ஒரு மாஸ் பிளாக்கைச் சுமக்க வேண்டும். கிரகத்துக்குப் பக்கத்தில் போனால் ஜெனரேட்டரும் படுத்துவிடும். குழாயில் ஏவிய ட்ரோனைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே விட முடியாது என்பதால் பிடிக்கத் தனி இடம் வேறு. ஒரே இடத்தில் ஏவி அதே இடத்தில் பிடிப்பதுதான் எனக்குப் பிடித்தது.

எதிரி எதிர்பார்க்காத நேரத்தில் டார்பிடோ விட என்றால் குழாய் கட்டுங்கள், நானும் வந்து வெல்டிங் பிடிக்கிறேன்.

குட்டி_கிளாங்:

டார்பிடோ! சரி, அதற்குத் தனி இழை போடுகிறேன்.

நிக்கல்_கோபால்ட்:

அண்ணா, ஹேங்கரை இடித்துவிட்டு அடியில் மூன்று காடி மட்டும் கட்டிப் பார்த்தேன். 40-இல் ஏவினால் மூன்றும் வழுக்கிக்கொண்டு பின்னால் போகின்றன, இடி இல்லை. தேனீ சொன்னபடி 50, 15, 3 என்று நிறுத்தி எடுத்தால் என் தம்பிகூட ரிமோட்டில் கட்டிவிடுகிறான். அவனுக்குப் பத்து வயது.

இரண்டு சந்தேகம். அஃபென்சிவ் ஏஐ எதிரியைத் துரத்திக்கொண்டே போய் பேட்டரி தீர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது, கூப்பிட்டாலும் வருவதில்லை. அப்புறம், காடி வாயில் சாதாரண சாய்வு ஆர்மர் பிளாக் போட்டேன், 45 டிகிரி. ட்ரோன் கொஞ்சம் விலகி வந்தால் வழுக்காமல் முட்டி நிற்கிறது.

லேத்_பட்டறை:

முதலாவதுக்கு இன்னொரு ஈவென்ட் கன்ட்ரோலர். சேமித்த மின்சாரம் 35 சதவீதத்துக்குக் கீழே போனால் அஃபென்சிவை அணைத்து ஏஐ பேசிக்கை எழுப்பும் டைமரைத் தட்டட்டும். 35 ஏன் என்றால், 5 கிலோமீட்டர் திரும்பி வரவும் வேண்டும், வந்தபிறகு காடிக்குள் நெளியவும் வேண்டும். உங்கள் ட்ரோன் கனமென்றால் 40 வையுங்கள். இதன் எதிர்க்கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே அஃபென்சிவை எழுப்பும்படி வைத்தால், காடியில் சார்ஜ் ஏறி 35-ஐத் தாண்டியதும் கட்டியிருக்கும் ட்ரோன் சண்டைக்கு முறுக்கும்.

இரண்டாவதுக்கு 2x1 சாய்வு பிளாக்குகள். அடியும் நுனியும் தனித்தனியாகப் பட்டியலில் இருக்கும், இரண்டையும் சேர்த்தால் 5 மீட்டர் நீளத்துக்கு இரண்டரை மீட்டர் விரியும். அந்தச் சரிவில் ட்ரோன் வழுக்கும். லைட் ஆர்மரே போதும், நொடிக்கு இரண்டு மூன்று மீட்டரில் உரசினால் எதுவும் நசுங்காது. ட்ரோனின் முன்மூலைகளிலும் சதுரப் பிளாக்கை எடுத்துவிட்டுச் சாய்வு போடுங்கள், மூலையும் மூலையும் முட்டினால் எந்தப் புனலும் உதவாது. தம்பியை விட்டே சோதித்துப் பாருங்கள்.